பதினான்கு வீட்டுப் பிடியரிசி

பவர்ஹவுஸ் முகாம், ஹைரேஞ்ச்
10-9-1951

அன்புள்ள மைனி ராஜபாய் அவர்களுக்கு, ரசலையன் எழுதுவது.

செல்லபாய் போன பிறகு உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. எழுத உட்காருவேன், தேதி போடுவேன், அதற்கு மேல் ஒன்றும் வராது. இன்றைக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இரண்டு டின் புழுங்கலரிசி வேண்டும்.

இங்கே அணையிலும் பவர்ஹவுஸிலும் நம் பக்கத்து ஆட்கள், எங்கள் வீடு போக, பதினான்கு வீட்டுக்காரர் இருக்கிறார்கள். ஊரில் சபையில் நடக்கிற மாதிரி இங்கேயும் ஒரு அறுப்புப் பண்டிகை நடத்த வேண்டும் என்று போன வருடக் கடைசியில் ஆரம்பித்தவள் உங்கள் தங்கை செல்லபாய்தான். சோற்றுக்கு அளந்த அரிசியில் ஒரு பிடியை ஆண்டவருக்கென்று எடுத்து வைக்கிற பழக்கத்தை வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்தாள். சனிக்கிழமைதோறும் அந்தப் பிடியரிசியைச் சேர்த்து எங்கள் அடுக்களை மூலையில் இரண்டு மண்ணெண்ணெய் டின்களில் போட்டு வந்தாள். ஜூன் மாதம் அவள் படுக்கும்போது இரண்டும் நிறைந்திருந்தன.

நேற்று ரேஷன் டிப்போவுக்குப் போனேன். டிப்போக்காரர் பொன்னுலிங்கம் என் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாரே, ஜூன் எட்டாந்தேதிக்குப் பிறவு ஒரு முத்திர இல்ல. காத்தக் குடிச்சா ஜீவிக்கிய?"

நான் தினமும் சோறு வைத்துத்தான் சாப்பிட்டு வருகிறேன். வீட்டுக்கு வந்து பார்த்தேன். ஒரு டின் காலி. மற்றதில் நாலு விரல் உயரம் இருக்கிறது. வேறு பானையில் ஒன்றும் இல்லை. அரிசி தீர்ந்தபோது கைக்கு எட்டிய டின்னைத் திறந்திருக்கிறேன். அது எந்த அரிசி என்று அவள் என்னிடம் சொல்லியிருக்கிறாள். அப்போது குழாய் இணைப்புச் சோதனை நடந்துகொண்டிருந்தது. நான் தலையை ஆட்டியிருப்பேன்.

பண்டிகை அக்டோபர் 28, ஞாயிற்றுக்கிழமை. கீழே இருந்து போதகர் ஐயர் வருகிறார். அந்த அரிசியில்தான் விருந்துச் சோறு என்று முடிவு. போன வாரங்களின் ரேஷனைத் திரும்பத் தரமாட்டார்கள். இங்கே விலைக்கும் கிடைக்காது. அங்கே கன்னிப்பூ நெல் அறுப்பு முடிந்திருக்கும். எப்படியாவது அனுப்ப முடியுமா?

ரசலையன்

*

மயிலாடி
17-9-1951

ஓவர்சியர் ரசலையன் அவர்களுக்கு,

கடிதம் கிடைச்சுது. மூணு தடவை வாசிச்சேன். எங்கேயாவது என் தங்கச்சியைப் பத்தி ஒரு வரி இருக்காண்ணு பார்த்தேன். என்ன காய்ச்சல், எத்தனை நாள் கிடந்தா, யார் பக்கத்துல இருந்தா, ஒண்ணும் இல்லை. டின் எத்தனை விரல்ணு மட்டும் அளந்து எழுதியிருக்கீர்.

அம்மா இல்லாத பிள்ளைண்ணு இடுப்புல தூக்கி வளர்த்தவ நான். பஸ் ஏத்தி விடும்போது சொன்னேனா இல்லையா? "தம்பி, அவளுக்குத் தண்ணி மாறினா ஆகாது, மேலு சூடு கண்டா உடனே இஞ்ச கொண்டு விட்டுருங்க"ண்ணு. நீர் தலையை ஆட்டினீர். அந்தத் தலையாட்டலைத்தான் இப்பவும் எழுதியிருக்கீர்.

எங்க சபையில பிடியரிசிப் பெட்டிச் சாவி என் இடுப்புல பதினோரு வருஷமா கிடக்கு. ஒரு மணி சிந்தினது இல்லை. வெள்ளம் வந்து வீட்டுக்குள்ளே நின்ன வருஷம்கூட அந்தப் பெட்டியை நான் திறக்கலை. நீர் ஆண்டவருக்குள்ளதை மூணு மாசம் உலை வச்சுத் தின்னுட்டு, அனுப்ப முடியுமாண்ணு கேக்கீர்.

நமக்கு வயல் எங்கே இருக்கு? இங்கே கல் கொத்துற வீடு. அறுத்தவன் சர்க்கார் லெவிக்கு அளந்து கொடுத்துட்டு அவனே டிப்போ வாசல்ல நிக்கான். குழித்துறை தாண்டி அரிசி கொண்டு போகணும்னா பெர்மிட் வேணும். அரிசி இல்லை. இருந்தாலும் தரமாட்டேன்.

இதைக் கேக்குறவங்க ஆறுதலுக்குச் சொல்லுவாங்க, செத்த பிறகும் அவ உமக்குச் சோறு போட்டாண்ணு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். அவ உமக்கு எடுத்து வச்சது இல்லை அது.

ராஜபாய்

*

முகாம்
26-9-1951

மைனி அவர்களுக்கு,

நீங்கள் எழுதியது எல்லாம் சரி. அரிசி வேண்டாம்.

ஆனால் நேற்று நடந்ததை உங்களிடம் மறைக்கக் கூடாது. பண்டிகைக் கமிட்டி கூடினது. பவர்ஹவுஸ் ஷெட்டில் பாய் விரித்து ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். சபை மூப்பர் ஏசுஅடிமைதான் தலைவர். அவர் கான்கிரீட் மேஸ்திரி. நம் ஆட்களில் பாதிப் பேருக்கு வேலை அவர் கையில். பந்தல் யார், ஓலை யார், ஐயருக்குக் கட்டில் யார் வீட்டில் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வந்தவர் என் பக்கம் திரும்பினார்.

"ஓவர்சியரே, அரிசி எவ்வளவு இருக்கு?"

"பார்க்கணும்."

"பாக்கதுக்கு என்ன இருக்கு வேய்? மூடியத் தொறந்தா தெரியுமே."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெண்கள் பக்கம் பார்த்தார். அவர்கள் எல்லாரும் குனிந்து பாயைப் பார்த்தார்கள்.

"குறைஞ்சு போச்சோ? அந்தப் பிள்ள இருக்கும்போளே கைமாறிப் போயிருக்குமோ என்னமோ. ரேஷன் காலம். ஆருக்கும் மனசு எளகும். மரிச்சுப் போன பிள்ளயப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல்ல. அளந்து பாத்துட்டு அடுத்த கூட்டத்துல சொல்லும்."

சொல்லவேண்டியது ஒரே ஒரு வார்த்தை. 'நான்' என்பது. அது வரவில்லை. கூட்டம் ஜெபத்துடன் முடிந்தது. வீட்டுக்கு வந்து விளக்கை ஏற்றாமல் இருந்தேன். எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது என்று தெரிகிறது. வரவில்லை. மீட்டர் முள் அசையாத மாதிரி இருக்கிறது.

ரசலையன்

*

மயிலாடி
3-10-1951

ரசலையனுக்கு,

வாய்க்குள்ளே என்ன கொழுக்கட்டையா இருந்துது? ஒருத்தன் என் தங்கச்சியைக் கள்ளிண்ணு சொல்லுதான், தாலி கெட்டினவன் பாயில உட்கார்ந்து கேட்டுட்டு வந்து, முள்ளு அசையலைண்ணு எனக்கு எழுதுதீர்!

அவளா எடுப்பா? சின்னதுல ஒரு நாள் பக்கத்து வீட்டு முருங்கைக்காய் ஒண்ணு நம்ம வேலிக்குள்ளே விழுந்து கிடந்துது. அதைத் திருப்பிக் கொடுக்காம சோறு இறங்காதுண்ணு மழையில ஓடினவ அவ. அந்தப் பேருக்கா இப்படி ஒரு சொல் வரணும்? அந்தப் பதினாலு வீட்டுக்காரங்க ஊருக்கு வராமலா இருப்பாங்க? கிறிஸ்மசுக்கு ஒருத்தன் வந்து கொட்டாரம் சந்தையில வாயைத் திறந்தா போதும். ஞாயித்துக்கிழமை கோயில் வாசல்ல எல்லாரும் அறிவாங்க. அவளுக்கு இனி வந்து பதில் சொல்ல வாய் இருக்கா?

நான் அரிசி கொண்டு வாறேன். எங்கேருந்துண்ணு கேக்காண்டாம். அனுப்பினா வந்து சேராது, நானே கொண்டு வாறேன். அதுவரைக்கும் நீர் டின்னை ஒருத்தர் கண்ணுலயும் காட்டாதேயும். அளந்தீராண்ணு கேட்டா நிறைய இருக்குண்ணு சொல்லும். வாயைத் திறக்காம இருக்கதுல நீர் கெட்டிக்காரர்தானே, இந்த ஒரு மாசம் அதையே செய்யும்.

நான் வந்து டின்னை நிறைச்சு, மூப்பர் முகத்துக்கு முன்னால கொண்டு வச்சுட்டுத்தான் திரும்புவேன்.

ராஜபாய்

*

முகாம்
8-10-1951

மைனி,

புறப்பட வேண்டாம். இதைக் கண்டதும் நிறுத்திவிடுங்கள். காரணம் சொல்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எவ்வளவு கொண்டுவரச் சொல்லவேண்டும் என்பதற்காக. ஒரு டின் அறுபது நாழி. இரண்டு டின் நூற்றிருபது. நான் ஒரு நாளைக்கு இரண்டு நாழி வைப்பேன். அறுபது நாளில் டின்கள் ஒழிந்திருக்க வேண்டும். ஜூன் எட்டிலிருந்து செப்டம்பர் பத்து வரைக்கும் தொண்ணூற்றிநான்கு நாள். அப்படியும் நாலு விரல் மிச்சம் இருந்தது. நாலு தடவை போட்டேன். விடை மாறவில்லை.

சனிக்கிழமை ஜெனரேட்டர் சோதனை பாதியில் நின்றுபோய் பதினொரு மணிக்கே வீட்டுக்கு வந்தேன். அடுக்களையில் ஆள் சத்தம். பக்கத்து லைனில் இருக்கிற செல்லக்கனி, முந்தியில் இருந்த அரிசியை டின்னில் சரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

"எத்தனை நாளா?" என்று கேட்டேன்.

"அவ போன மறு சனிக்கிழம தொட்டு சாரே. பதினாலு வீட்டுலயும் பிரிச்சு எனக்க கையில தருவாளுவ. அவ சொன்ன மொற முடங்கப்பிடாதுன்னுதான் முதல்ல கொண்டு வந்தோம். பாத்தா டின்னு குறையுது. அடுப்புல உங்க பானை. டிப்போ வரிசையில நீங்க இல்ல. அப்பளே எங்களுக்கு வெளங்கிப் போச்சு."

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"சொன்னா நிறுத்திருவிய. பிறவு என்னத்தத் தின்னுவிய? எனக்க மாமியாகூடச் சொன்னா, ஏட்டி, அந்த மனுசன் முழிச்சிட்டு ஒறங்குதான், எழுப்பாதங்கோன்னு."

அவள் சொன்னபடி, நான் மறுபடி டிப்போ வரிசையில் நிற்க ஆரம்பித்த பிறகு போடுகிற அரிசி ஆண்டவருக்கு. அதற்கு முன்னால் போட்டது எனக்கு. அப்படி அவர்களுக்குள் ஒரு தீர்மானம். வாரத்துக்கு இவ்வளவுதான் என்று அரிசி கிடைக்கிற வீடுகள், மைனி. பிள்ளைகளுக்கு மரச்சீனிக்கிழங்கை அவித்துக் கொடுத்துவிட்டு இதைச் செய்திருக்கிறார்கள்.

"அப்போ கூட்டத்தில் மூப்பர் செல்லபாயைச் சொன்னபோது ஏன் பேசாமல் இருந்தீர்கள்?"

அவளுக்கு முகம் கறுத்தது.

"பேசினா? ஆண்டவருக்குள்ள அரிசிய மனுசனுக்கு வச்சுக் கொடுத்தவளுவன்னு சபையில எங்க பேர வெட்டுவாரு. அதுகூடப் போட்டும். எனக்க வீட்டுக்காரருக்கு நாளைக்கு சிமெண்டு சட்டி தூக்கதுக்கு அவருதான கூப்பிடணும். நீங்க பேசுவியன்னு பாத்துட்டிருந்தோம் சாரே. அவ உங்களுக்க பெண்டாட்டிதானே?"

போகும்போது, தங்களைச் சொல்லிவிடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டாள். கொடுத்தேன்.

ஆகையால் ஊர் அரிசியைக் கொட்டி இதை மூட எனக்கு மனம் இல்லை. நான் எழுந்து, தின்றது நான் என்று சொல்லப்போகிறேன். அவர்களைச் சொல்லமாட்டேன். நீங்கள் வரவேண்டாம்.

ரசலையன்

*

மயிலாடி
13-10-1951

தம்பி,

உம்ம கடிதம் நேத்து வந்துது. நான் புறப்பட்டது முந்தாநாள்.

அரிசி எங்கேருந்துண்ணு கேக்காண்டாம்னு எழுதினேனே. இப்போ சொல்லுதேன். சபைப் பிடியரிசிப் பெட்டியிலேருந்து எடுத்தேன். ஒரு டின் அளவு. சாவி என் கையில, பார்க்க ஆள் இல்லை. எங்க அறுப்புப் பண்டிகை நவம்பர் 11, அதுக்குள்ளே கொஞ்சம் கொஞ்சமா வாங்கிப் போட்டுரலாம்னு நினைச்சேன். ஒரு மணி சிந்தினது இல்லைண்ணு உமக்கு எழுதின இதே கைதான் எடுத்துது. செல்லபாய்க்காகண்ணு சொல்லிட்டே எடுத்தேன்.

பஞ்சை எடுத்துட்டு ரெண்டு தலையணையில அரிசியை நிறைச்சுத் தைச்சேன். குழித்துறையில பஸ்சை நிறுத்தினாங்க. போலீஸ்காரன் ஏறினான். சின்ன வயசு. என் மடியில இருந்ததைத் தூக்கிப் பார்த்தான்.

"அம்மா, இதுல தல வச்சா கழுத்து ஒடியுமே?"

"எனக்குச் சீக்குத் தலை, கனமாத்தான் வேணும்"ணு சொன்னேன். பஸ்சே சிரிச்சுது. அவனும் சிரிச்சான். சிரிச்சுட்டே கத்தியால ஒரு இழுப்பு இழுத்தான். அரிசி படபடண்ணு பஸ் பலகையில கொட்டிச்சு. முன் சீட்டுல இருந்த ஒரு கிழவி காலைத் தூக்கிட்டு, "ஐயோ, மிதிக்கப்பிடாது, மிதிக்கப்பிடாது"ண்ணு கத்தினா. எல்லாத்தையும் வாரிக் கொண்டு போய்ட்டாங்க. பேரும் ஊரும் எழுதி எடுத்துட்டு என்னை விட்டுட்டாங்க. வெறும் தலையணை உறை ரெண்டையும் மடிச்சுட்டு அடுத்த பஸ்சுல திரும்பி வந்தேன்.

வீட்டுல உங்க அண்ணாச்சிகிட்டே இன்னும் சொல்லலை. பெட்டி ஒரு டின் குறைஞ்சு கிடக்கு. மூடிப் பூட்டி வச்சிருக்கேன்.

நீர் பேசப்போறேண்ணு எழுதியிருக்கீர். பேசும். ஆனா ஒண்ணு. எல்லாம் நானே தின்னேண்ணு சொன்னா அந்த மேஸ்திரி கணக்குக் கேட்பான். அவன் சட்டி எண்ணிச் சிமெண்டு கலக்குறவன். அதுக்கு என்ன பதில் வச்சிருக்கீர்?

ராஜபாய்

*

முகாம்
29-10-1951

அன்புள்ள மைனி,

நேற்று பண்டிகை நடந்தது. நீங்கள் சொன்னபடியேதான் ஆயிற்று.

காணிக்கை படைக்கிற நேரம் வந்தது. ஒவ்வொரு வீட்டாராகக் கொண்டு வந்தார்கள். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் விளைந்த வாழைக்குலை, மிளகாய், ஒரு கோழி. பிறகு மரச்சீனி, மூடோடு பிடுங்கி மண் கழுவாமல். என் முறை வந்தபோது இரண்டு டின்னையும் தூக்கிக்கொண்டு போனேன். ஒன்று காலி. மற்றதில் முக்கால்வாசி. மூப்பர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு ஐயரைப் பார்த்தார்.

நான் சொன்னேன். "செல்லபாய் இரண்டு டின்னும் நிறைய வைத்துவிட்டுப் போனாள். அவள் ஒரு மணி எடுக்கவில்லை. தின்றது நான். ஜூன் எட்டு முதல் செப்டம்பர் பத்து வரை."

இவ்வளவுதான் என்னால் முடிந்தது. மூப்பர் விரலை மடக்கினார்.

"தினம் எவ்வளவு வச்சீரு?"

"இரண்டு நாழி."

"அப்போ அறுபது நாளையில தீரணும். மிச்சம் முப்பத்திநாலு நாளைக்கு எந்தக் காக்கா வேய் கொண்டு போட்டுது உமக்கு?"

நான் சத்தியம் கொடுத்தவன். அவர் மறுபடியும் கேட்டார். "சொல்லும். எந்தக் காக்கா?"

"நாங்கதான்," என்றாள் செல்லக்கனி. பெண்கள் பக்கத்தில் எழுந்து நின்றிருந்தாள். "பதினாலு காக்கா. எண்ணிக்கிடுங்க மூப்பரே." அவளுடைய புருஷன் இந்தப் பக்கத்திலிருந்து, "ஏட்டி, இரிட்டி" என்று கையைக் காட்டினான். அவள் உட்காரவில்லை. அவள் மாமியார் எழுந்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக எல்லாரும் நின்றார்கள். கடைசியில் எழுந்தது யார் தெரியுமா? மூப்பரின் மனைவி வியாகுலம்மாள். அவர் வீட்டுப் பிடியும் அதில் வந்திருக்கிறது. அவருக்குத் தெரியாது.

ஐயர் வேதப்புத்தகத்தைப் புரட்டினார். எலியா தீர்க்கதரிசிக்குக் காகங்கள் ஆகாரம் கொண்டு வந்த இடத்தைத்தான் தேடுகிறார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. மூப்பருக்கும் தெரிந்தது. ஆனால் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

"அந்தக் காக்கா கர்த்தர் சொல்லிக் கொண்டு போனது ஐயரே. இதுகள் கர்த்தர்கிட்டேருந்து எடுத்துக் கொண்டு போனதுகள்."

ஐயர் புத்தகத்தை மூடினார். கடைசியில் தீர்மானம் இது. நான் மூன்று மாதம் நற்கருணைக்குப் போகக் கூடாது. பெண்களைப் பற்றி ஒன்றும் எழுதப்படவில்லை. எந்தப் புருஷனுக்கும் வேலை போகாது என்று ஐயர் மூப்பரிடம் எல்லார் முன்னாலும் வாக்கு வாங்கினார். செல்லபாயைப் பற்றிச் சொன்னதை மூப்பர் தாமாகவே திருப்பி எடுத்துக்கொண்டார். "அந்தப் பிள்ள பேர்ல குத்தம் இல்ல. நான் சொன்னது தப்பு" என்று நின்றுகொண்டே சொன்னார். அவருக்கு அது லேசாக வரவில்லை.

முக்கால் டின் அரிசியைக் கஞ்சியாகக் காய்ச்சினார்கள். மற்றபடி விருந்து மரச்சீனிக்கிழங்குதான், மீன்கறியோடு. மூப்பர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். "உப்பு கூடுதல்" என்று மட்டும் சொன்னார். எனக்குப் பசித்தது, மைனி. ஜூனுக்குப் பிறகு பசி என்று ஒன்று நேற்றுத்தான் வந்தது. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

நீங்கள் கேட்டதை இப்போது எழுதுகிறேன். மலைக்காய்ச்சல். ஆறு நாள். நாலாம் நாள் இறங்கியது, பயமில்லை என்று கம்பவுண்டர் சொன்னார். கீழே கொண்டுபோக லாரி கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. சோதனையை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தேன். ஆறாம் நாள் வெள்ளிக்கிழமை. மத்தியானம் நான் சாப்பிட வந்தபோது, "நாளைக்கு அவளுக வருவாளுக, டின்னை எடுத்து முற்றத்துல வையுங்க" என்றாள். உம் என்றேன். மூன்று மணிக்கு ஆள் வந்து கூப்பிட்டான். நான் போய்ச் சேரும்போது செல்லக்கனி அவள் கண்ணை மூடியிருந்தாள். அவள் கடைசியாகப் பேசியது என்னிடம்தான். நான் சொன்ன பதில் உம்.

இதை உங்களுக்கு எழுத எனக்கு ஐந்து மாதம் ஆனது.

ரசலையன்

*

மயிலாடி
5-11-1951

மக்கா ரசலையா,

கடிதத்தை வாசிச்சுட்டு ரெண்டு நாள் அடுப்பு மூட்டலை. உன் மேல எனக்குள்ள கோபம் போச்சுண்ணு நான் பொய் எழுதமாட்டேன். லாரி கேட்டிருக்கலாம். அதை நான் சாகிற வரைக்கும் சொல்லுவேன், நீயும் கேட்டுக்கணும். ஆனா அவ தனியாக் கிடக்கலை, கண்ணை மூட ஒரு பெண்கை இருந்துதுண்ணு இப்பத்தான் அறிஞ்சேன். அந்தச் செல்லக்கனிக்கு என்ன வேணும்னு கேட்டு எழுது.

இப்போ என் காரியம். வாற ஞாயிறு 11-ஆம் தேதி இங்கே பண்டிகை. ஆராதனை நடுவுல பெட்டியைத் திறந்து அளப்பாங்க. உங்க அண்ணாச்சிகிட்டே சொல்லிட்டேன். மனுஷன் ஒரு நாள் முழுக்க உளியைக் கையில எடுக்கலை. பிறகு, கடன் வாங்கியாவது அரிசியை நிறைச்சுரலாம், ஆரும் அறியாண்டாம்னு சொல்லுதாரு. எனக்கும் ராத்திரியெல்லாம் அந்த ஆசைதான். பதினோரு வருஷப் பேரு, லேசா?

ஆனா அந்தப் பிள்ளைங்க புருஷன்மார் வேலை போனாலும் போகட்டும்னு எழும்பி நின்னிருக்காளுக. நான் தலையணைக்குள்ளே அரிசி தைச்சவ. அதனால நானும் எழும்பப்போறேன். எடுத்தது நான், என் தங்கச்சி பேரைக் காக்க எடுத்தேன், அவ பேருக்கு அது வேண்டியிருக்கலைண்ணு சொல்லணும். சாவியைக் கொடுத்துரணும். வாங்கிட்டு என்ன சொல்லுவாங்களோ தெரியாது.

நீ சனிக்கிழமை ராத்திரிக்குள்ளே வந்து சேரு. லீவு தரலைண்ணா சண்டை போட்டு வாங்கு, ஒரு தடவையாவது கேட்டுப் பாரு. வரும்போது ஒரு மணி அரிசி கையில எடுக்காதே. குழித்துறையில அந்தப் பையன் என் முகத்தை மறந்திருக்கமாட்டான், உன்னையும் என் ஆளுண்ணு பிடிச்சாலும் பிடிப்பான்.

நற்கருணைக்கு நீ போகமுடியாது, அது தெரியும். பின்னால ஆண்கள் பக்கம் கடைசிப் பெஞ்சுல இரு. நான் எழும்பும்போது நீயும் எழும்பி நில்லு. ஒண்ணும் பேசண்டாம். நின்னா போதும்.

ராஜபாய்